கில்ட்டும் புறப்பட்ட தேதியும்

வெண்டல் மீது எனக்குப் பொறாமை கிடையாது என்று அயர்லாந்தில் எங்கள் பாலினரூன் ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ரொட்டிக் கடையில் சொன்னேன், தபால் நிலையத்தில் சொன்னேன், பாவமன்னிப்புக் கூண்டில் பாதிரியாரிடமும் சொன்னேன். "நான் கேக்கவே இல்லியேப்பா டோனல்" என்றார் அவர். சரி, இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிறு எரிந்தது.

மார்ச் முதல் வாரத்தில் அமெரிக்காவின் ஓஹியோவிலிருந்து வெண்டல் வந்து இறங்கினார். என் மனைவி நோரீன் வீட்டு மாடியில் மூன்று அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறாள். மணி அடித்தது, நான்தான் கதவைத் திறந்தேன். மேலே மழைக்கோட்டு, கீழே முழங்கால் வரை கம்பளிக் காலுறை, நடுவில் பச்சையும் பழுப்புமாகக் கட்டம் போட்டு மடிப்பு மடிப்பாக, ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் ஒரு கில்ட். கில்ட்டுக்கும் காலுறைக்கும் இடையில் இரண்டு முட்டிகள்.

"எங்க கொள்ளுத்தாத்தா இந்த ஊர்தாங்க. இது எங்க குலத்தோட கட்டம்" என்று துணியைத் தொட்டுக் காட்டினார். "ஓஹியோவுல ஒரு கடை இருக்கு. கம்ப்யூட்டர்ல குடும்பப் பேரைத் தட்டினா நம்ம கட்டத்த எடுத்துக் குடுத்துடுவாங்க."

எங்கள் ஊரில் கில்ட் கட்டுபவர் யாருமில்லை. தோல்பையை ஊதி வாசிக்கும் பைப் வாத்தியக் குழுவினர் மட்டும் வருடத்தில் ஒரு நாள் மஞ்சள் நிறத்தில் ஒன்றைக் கட்டுவார்கள், அதையும் வாத்தியம் தொடங்கும்வரை நீளக் கோட்டுக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். கட்டம் போட்டது கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்துக்காரர்களுடைய சமாச்சாரம். இதை அவரிடம் வாசலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவருடைய தப்பை அவர் முகத்துக்கு நேரே சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. "ரொம்ப நல்லா இருக்கு, கொஞ்சம் காத்தாட இருக்குமே" என்றேன். அவர் நன்றி சொன்னார்.

பின்னாலிருந்து நோரீன் எட்டிப் பார்த்தாள். அவர் மாடி ஏறுவதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"காலு ரெண்டும் தூண் மாதிரி இருக்கு டோனல்."

"எனக்கும்தான் ரெண்டு இருக்கு. பேன்ட்டுக்குள்ள இருக்கு."

"இருக்கட்டும், இருக்கட்டும். அங்கயே பத்திரமா இருக்கட்டும்."

மறுநாள் காலையில் அவர் தட்டில் இரண்டு முட்டை, என் தட்டில் ஒன்று. அதற்கடுத்த நாள் நான் ஒரு வீட்டில் குழாய் மாற்றிவிட்டுத் திரும்பினால், சமையலறையில் நோரீன் அந்த கில்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். இருபத்தெட்டு மடிப்பு. ஒவ்வொன்றையும் ஈரத் துணி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறாள். என் சட்டைக் காலர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து ஏழு வருடம் ஆகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஊர்வலம் என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால்.

மார்ச் பதினேழு, புனித பேட்ரிக் திருநாள். அன்று எங்கள் ஊர்வலத்துக்கு முன்னால் பித்தளைக் குமிழ் வைத்த தடியை ஏந்தி ஒருவர் நடப்பார். முப்பத்தொரு வருடம் டின்னி லூபி நடந்தார். ஜனவரியில் அவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அவருக்குத் துணைத் தலைவன் நான், பதினான்கு வருடமாக. துணைத் தலைவன் என்றால் பக்கத்தில் நடப்பவன் என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் வாத்தியக் குழு, பிறகு பள்ளிப் பிள்ளைகள், பிறகு டிராக்டர்கள், பிறகு பால் கூட்டுறவு லாரி, அதற்கும் பின்னால் நான். வழியில் யாரும் உதிர்ந்து கிடக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நோரீன் எங்கள் வீட்டு கேட்டருகே நின்று வேடிக்கை பார்ப்பாள். பிள்ளைகள் கடந்து போனதும் தேநீருக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போய்விடுவாள். பதினான்கு வருடத்தில் நான் நடந்ததை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்த வருடம் தடி என் கைக்கு வருகிறது, முதலில் வருபவன் நான், தண்ணீர் வைக்கும் நேரத்துக்கு முன்னாலேயே அவள் கண்ணில் பட்டாக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தடியை ஒப்படைப்பது "புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலம் மற்றும் மரபுப் பாதுகாப்புக் குழு". பன்னிரண்டு பேர். தலைவர் மலாக்கி ப்ரெஹனி, நாற்பது வருடம் வீடு விற்றுக் கொடுத்தவர். கூரை இல்லாத வீட்டை "நட்சத்திரக் காட்சியுடன்" என்று விளம்பரம் செய்து விற்றவர். செயலாளர் கிளோடா, நூலகத்தில் வேலை, என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

குழுவின் கூட்டம் ஐரிஷ் மொழியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. எங்களில் ஒருவருக்கும் அது பேச வராது. பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடம் படித்ததில் அனைவருக்கும் நினைவில் நிற்பது ஒரே வாக்கியம். மலாக்கி எழுந்து, கண்ணை மூடி, நடுங்கும் குரலில் அதைச் சொல்வார். நாங்கள் எழுந்து நின்று தலை குனிவோம். "கழிப்பறைக்குப் போக அனுமதி கிடைக்குமா டீச்சர்" என்பது அதன் பொருள்.

அன்று பார்வையாளராக அழைக்கப்பட்டிருந்த வெண்டல், அதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக் கண் கலங்கினார். "ஒரு வார்த்தை புரியலங்க. ஆனா ரத்தத்துக்குப் புரியுது" என்றார்.

மலாக்கி அவரை மேசையருகே நிற்க வைத்தார். முட்டி எல்லோருக்கும் தெரியும்படி நாற்காலியை நகர்த்தினார்.

"நண்பர்களே, நூறு வருஷத்துக்கு மேல இந்தத் தெருவுல பேன்ட் போட்டுக்கிட்டு நடக்கறோம். எவனாவது நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்தானா? இவரு போன வாரம் பஸ்ஸ விட்டு எறங்கினாரு. அதுக்குள்ள பதினோரு பேரு எடுத்தாச்சு. அதுல நாலு பேரு நம்ம ஊர்க்காரங்க. மரபு மரபுன்னு பேசறோமே, மரபுன்னா என்ன? ஃபோட்டோவுல தெரியறது மரபு. தெரியாதது வெறும் பொழப்பு. இந்த வருஷம் தடி யாரு கைக்குப் போகணும்னு நீங்களே சொல்லுங்க."

நான் எழுந்துவிட்டேன்.

"மலாக்கி, அந்தப் பாவாடை நம்மளுது இல்ல. ஸ்காட்லாந்துக்காரனுது."

யாரோ இருமினார்கள். கிளோடாவின் பேனா நின்றது. டின்னி லூபி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து மழை வரும்போலிருக்கிறது என்றார். ஏற்கெனவே பெய்துகொண்டுதான் இருந்தது.

"விருந்தாளி முன்னாடி உண்மையப் பேசக் கூடாதுப்பா" என்றார் மலாக்கி மெதுவாக. "அதுக்குத்தான் துணைக்குழு வெச்சிருக்கோம்."

துணைக்குழு உடனே அமைக்கப்பட்டு சமையலறைக்குப் போயிற்று. இருபது நிமிடம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்து முடிவை வாசித்தது. ஒன்று, கில்ட் அயர்லாந்தின் தொன்மையான உடை, போன வியாழக்கிழமையிலிருந்து. இரண்டு, அதைப் பாவாடை என்று யாரும் சொல்லக் கூடாது. மூன்று, தடி ஏந்துபவர் கில்ட் அணிந்திருக்க வேண்டும், முன்னோர் இந்த ஊர்க்காரர்கள் என்று குழு வழங்கும் வேர்ச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும்.

"டோனலே நடக்கட்டுமேங்க. நான் சும்மா பாக்க வந்தவன்" என்றார் வெண்டல். மனதார, உண்மையாகவே சொன்னார். நல்ல மனிதர் ஒருவர் மீது பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். கெட்டவராக இருந்தால் பாதி வேலையை அவரே செய்து கொடுத்துவிடுவார்.

நான் விடவில்லை. வாத்தியக் குழுவில் பெரிய மேளம் அடித்த காலஞ்சென்ற மட் கியோவின் மஞ்சள் கில்ட் ஒன்று பெட்டியில் கிடந்தது. கேட்டு வாங்கிவந்தேன். மட் பெரிய உடம்புக்காரர், என்னை அது ஒன்றரைச் சுற்று சுற்றியது. ஊக்கு குத்திக்கொண்டு சமையலறையில் போய் நின்றேன். நோரீன் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

"பாவம் டோனல், அந்த முட்டி வெளிச்சமே பாத்ததில்ல போல."

"இதுக்கு யாரு இஸ்திரி போடறது?"

"போடறேன் வை. ஞாயித்துக்கிழமை ஆகட்டும்."

அப்படியே நூலகத்துக்குப் போனேன். கிளோடா என் முட்டியைப் பார்க்காமல் படிவத்தை மட்டும் பார்த்தாள்.

"பேரு தெரியும். ஊரு தெரியும். உன் முன்னோர் புறப்பட்ட தேதி?"

"எங்கேர்ந்து?"

"இங்கேர்ந்து."

"எங்க ஆளுங்க எங்கயும் போகல கிளோடா. இங்கயேதான் இருந்தோம்."

"அப்ப இந்தக் கட்டம் காலியா நிக்குதே."

"காலியா விட்டுடு."

"காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போக மாட்டேங்குது."

"கல்லறைத் தோட்டத்துல பாதி எங்க ஆளுங்க. போய்ப் பாரு."

"அதாம்பா பிரச்சினையே" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "ஊர விட்டுப் போனவங்க பேரு கப்பல் ஏட்டுல இருக்கு. எந்த ஊரு, என்ன வயசு, எத்தன பேரு, எல்லாம் இருக்கு. அதனால அவங்க இந்த ஊர்க்காரங்கன்னு ஆதாரம் இருக்கு. இங்கயே கிடந்தவங்கள யாரு எழுதி வெச்சா? நீ எங்கேர்ந்து வேணாலும் வந்திருக்கலாம்."

"ஆறாங்கிளாஸ்ல உன் பக்கத்து பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

"எனக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாதே."

"உங்கிட்ட இந்தச் சான்றிதழ் இருக்கா?"

"எனக்கெப்படி இருக்கும்? நான் குடுக்கறவ."

யோசித்துப் பார்த்ததில் ஒரு வழி கிடைத்தது. என் அப்பாவின் அப்பா ஒருமுறை லிவர்பூலுக்கு வேலை தேடிப் போனார். பதினோராம் நாள் பசுமாட்டின் நினைப்புத் தாங்காமல் திரும்பி வந்துவிட்டார். இதை எழுதி மேல்முறையீடு செய்தேன். குழு மறுபடி கூடியது, டீச்சரிடம் மறுபடி அனுமதி கேட்டது, என் தாத்தாவின் வழக்கை விசாரித்தது.

பதினோரு நாள் என்பது புலம்பெயர்தலா, விடுமுறையா என்று ஒருவர் கேட்டார். துறைமுகத்தில் அழுதாரா என்று இன்னொருவர் கேட்டார். கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்ததாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். அதையும் கிளோடா குறித்துக்கொண்டாள்.

மலாக்கி எழுந்தார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

"டோனல், உன் தாத்தாவ நான் குறை சொல்லல. ஆனா போனவன் திரும்பி வரக் கூடாது. அங்கயே இருந்து ஏங்கணும். அந்த ஏக்கம்தான் நம்ம மரபு. திரும்பி வந்தவன் என்ன பண்றான்? பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிட்டு மாட்ட ஓட்டிக்கிட்டுப் போறான். அதுல என்ன பாட்டு இருக்கு, என்ன கண்ணீர் இருக்கு? இந்த ஊர நேசிக்கறவங்க எல்லாரும் வெளியூர்லதாம்பா இருக்காங்க. உள்ள இருக்கறவங்க வடிகாலப் பத்திப் புகார்தான் குடுக்கறீங்க."

தாத்தா தள்ளுபடி செய்யப்பட்டார். ஆனால் குழு இரக்கமற்றது அல்ல. விருந்தாளிகளுக்கு வேறு படிவம் இருப்பதைக் கிளோடா நினைவூட்டினாள். திருநாள் வாரத்தில் கில்ட் அணிந்து கப்பலில் வந்து இறங்கும் எவருக்கும் அந்த இடத்திலேயே சான்றிதழ் உண்டு. அதில் கேள்வி ஒன்றுதான்: பயணம் சௌகரியமாக இருந்ததா? விருந்தாளிகள் பலர் இருந்தால், கடைசியாக வந்தவருக்கே முதல் மரியாதை.

"அப்ப நான் போய்ட்டு வந்தா?" என்றேன்.

"நீ எப்பப்பா வர்ற? சொல்லு, கேக் பண்ணி வைக்கிறோம்" என்றார் மலாக்கி.

பதினைந்தாம் தேதி மஞ்சள் கில்ட்டைக் கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நோரீன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

"வர்றதுக்குப் போறேன்."

"சரி. வரும்போது மாடிக் குழாய்க்கு வாஷர் வாங்கிட்டு வா, வெண்டலுக்குத் தண்ணி சொட்டுதாம்."

டப்ளினுக்கு பஸ், அங்கிருந்து வேல்ஸுக்குக் கப்பல். கப்பல் தளத்தில் காற்று அடித்தபோது கில்ட்டைப் பற்றி நான் சொன்ன எதையும் திரும்பப் பெறத் தோன்றவில்லை. அக்கரையில் ஒரு தேநீர் குடித்தேன், ஒரு வாஷர் வாங்கினேன், ஊரை நினைத்து ஏங்கிப் பார்த்தேன். சொட்டும் குழாய்தான் நினைவுக்கு வந்தது. திரும்பும் கப்பலில் ஒரு அம்மாள், "அமெரிக்காவுல எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். "ஓஹியோ" என்றேன். அவர் முகம் மலர்ந்தது, பையிலிருந்து சாண்ட்விச் எடுத்துக் கொடுத்தார். டோனல் கியரியாக இருந்த ஐம்பத்திரண்டு வருடத்தில் எனக்கு யாரும் கப்பலில் சாண்ட்விச் கொடுத்ததில்லை.

பதினேழாம் தேதி காலை பஸ் ஊரில் நின்றபோது குழு முழுவதும் மழையில் காத்திருந்தது. மலாக்கி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாங்க, வாங்க. பயணம் சௌகரியமா இருந்துதா?"

"மலாக்கி, போன செவ்வாக்கிழமை உங்க வீட்டு அடைப்ப நான்தானே எடுத்தேன்."

"பாத்தீங்களா, எத்தன தூரம் போனாலும் நம்ம மண்ணு வாசன மறக்கல" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். ஃபோட்டோ எடுத்தார்கள். கேக் கொடுத்தார்கள். தடியைக் கொடுத்தார்கள்.

வாத்தியம் தொடங்கியது. நான் நடந்தேன். பித்தளைக் குமிழ் மழையில் மின்னியது. தெருவின் இரண்டு பக்கமும் கைபேசிகள் உயர்ந்தன, எல்லாம் என்னை நோக்கி. ரொட்டிக் கடைக்காரம்மா ஓடிவந்து என் கையில் ஒரு ரொட்டியைத் திணித்து, "இதெல்லாம் உங்க ஊர்ல கெடைக்காதுங்க" என்றார். தினமும் காலையில் அவரிடம் ரொட்டி வாங்குகிறவன் நான். விருந்தாளியைத் திருத்துவது வழக்கமில்லையே, நானும் நன்றி சொன்னேன்.

எங்கள் வீடு நெருங்கியது. முதுகை நிமிர்த்தினேன். வழக்கமாகத் தடியை ஒருமுறைதான் உயர்த்துவார்கள், நான் கேட்டுக்கு முன்னால் மூன்று முறை உயர்த்தினேன். பின்னால் வந்த மேளக்காரர் குழம்பி இரண்டு அடி தப்பினார்.

கேட்டருகே யாரும் இல்லை. ஜன்னலில் பார்த்தேன், அங்கும் இல்லை. நான் நின்றுவிடப் பார்த்தேன், பைப் ஊதுபவர் முதுகில் இடித்தார். நடந்தேன்.

பாலத்தடியில் மேடை. "கடல் கடந்து வந்திருக்கும் நம் சகோதரர்" என்று மலாக்கி என்னைப் பற்றி ஒன்பது நிமிடம் பேசினார். ஊரே கை தட்டியது. எனக்கு எதுவும் ஏறவில்லை. வாத்தியக் குழு வந்து சேர்ந்தது, பிள்ளைகள் வந்தார்கள், டிராக்டர்கள் வந்தன. கூட்டம் கலையத் தொடங்கியது. கடைசியில் பால் லாரி வந்து புகை கக்கி நின்றது.

அதன் பின்னாலிருந்து வெண்டல் வந்தார். துணைத் தலைவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், பேன்ட் அணிந்திருக்க வேண்டும் என்று குழு கடைசி நேரத்தில் ஒரு தீர்மானம் போட்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் ஒருவரும் அந்த இடத்துக்கு வர ஒத்துக்கொள்ளவில்லை, இந்த ஊர்க்காரர் என்று சான்றிதழ் வைத்திருந்தவர் மிச்சம் அவர் ஒருவர்தான். அவர் காலில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நான் போடும் பழுப்பு பேன்ட். பக்கத்தில் என் குடையைப் பிடித்துக்கொண்டு, காலணி முழுக்கச் சேறாக, சிரித்தபடி நோரீன்.

"என்னோட வாழ்க்கையிலயே நல்ல நாள் டோனல்" என்றார் வெண்டல். "ஒருத்தர்கூட என்ன ஃபோட்டோ எடுக்கல. இந்த ஊர்க்காரனாவே ஆயிட்டேன்."

அந்த பேன்ட் அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அதைப் பார்த்ததும் அடிவயிற்றிலிருந்து எரிச்சல் கிளம்பியது. தடி என் கையில் இருந்தது. கேமராக்கள் எல்லாம் என் பக்கம் இருந்தன. நான் அந்த லாரிக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன், நோரீன் முந்திக்கொண்டாள்.

"முன்னால நல்லா நடந்தியா?"

"நீ கேட்ல இல்ல. நான் வந்தத நீ பாக்கல."

"பாக்கல டோனல். பாவம், இந்த மனுஷன் கடைசில தனியா நடக்கணுமேன்னு கூடப் போனேன்." அவள் சிரிப்பு நின்றது. "லாரிப் புகை, காலெல்லாம் சாணி, ரோட்டுல ஒரு ஆளு இல்ல. நாங்க வர்றதுக்குள்ள எல்லாரும் கதவச் சாத்திட்டு உள்ள போயிட்டாங்க. இதுலயா பதினாலு வருஷம் தனியா நடந்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

என் முட்டி இரண்டும் குளிரில் ஆடிக்கொண்டிருந்தன. அவள் குனிந்து அவற்றைப் பார்த்துவிட்டு, வெண்டலைச் சற்று நகரச் சொன்னாள்.

குடை இரண்டு பேருக்குத்தான் போதும். நான் விருந்தாளி என்பதால் என்னை நடுவில் விட்டார்கள்.